பம்ப் இல்லை, டியூப் இல்லை: பள்ளிக்கரணைச் சாலையில் இறங்கிய ஒரு சைக்கிள் டயர்

சென்னையில் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலை. ஒரு நவம்பர் மாத விடியற்காலை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சைக்கிளில் பின் டயர் இறங்கிவிட்டது. அவரிடம் பம்ப் இல்லை, மாற்று டியூப் இல்லை, ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அவர் என்ன பார்த்தார், என்ன முடிவெடுத்தார், அது எப்படி முடிந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். நானும் அதே சாலையில் சைக்கிளில் போய்வருகிறவன். அவர் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார், எழுதவும் சம்மதித்தார். ஆட்களின் பெயர், வேலையிடம், கடைகள் எதையும் அடையாளம் காட்டவில்லை.

பின்னணி

அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் டெக்னீஷியன். வீடு கீழ்க்கட்டளைப் பக்கம், வேலை துரைப்பாக்கத்தில். காலை ஷிஃப்ட் 6.30-க்கு ஆரம்பிக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், ராத்திரி சாப்பிட்டதோடு வந்திருப்பவர்கள். டெக்னீஷியன் அரை மணி நேரம் தாமதித்தால் அவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகப் பட்டினி கிடக்க வேண்டும். அன்று அவர் எடுத்த முடிவுகளில் இந்தக் கவலைக்குப் பெரிய பங்கு இருந்தது.

அந்த நேரத்தில் நேர் பஸ் கிடைப்பது கஷ்டம், மாறித்தான் போக வேண்டும். சைக்கிளில் எட்டு கிலோமீட்டர் அளவு தூரம், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதனால்தான் சைக்கிள்.

வண்டி 26 இன்ச் சக்கரம், 1.95 அகலம் கொண்ட டயர். டயரின் பக்கச்சுவரில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. வால்வு, மோட்டார் பைக்கில் இருக்கும் அதே வகை. பின் சக்கரம் இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு முடுக்கியது, 15-ஆம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடியாது. பின்னால் கேரியர், முன்னால் ஒரு சின்னக் கூடை.

ஏன் பஞ்சர் சாமான் எதுவும் வைத்திருக்கவில்லை? ஒரு காலத்தில் வைத்திருந்தார். ரொம்ப நாள் பஞ்சரே ஆகாததால், மழைக்கோட்டும் சாப்பாட்டுப் பையும் சேர்ந்தபோது அந்தப் பொட்டலம் வீட்டிலேயே தங்கிவிட்டது. தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கும் ஊரில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்தக் கடைகள் காலை ஒன்பது, பத்துக்குத்தான் திறக்கும். ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவருக்கு அவை இருந்தும் இல்லாதவை.

சாலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈச்சங்காடு பக்கமும் ஓஎம்ஆரிலும் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. கட்டுக்கம்பித் துண்டு, திருகாணி, ஜல்லி எல்லாம் சாலைக்கு வரும். வேளச்சேரி–தாம்பரம் சாலையைக் கடந்துவிட்டால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் இது. இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரையும்தான், கடை கண்ணி கிடையாது. பெருங்குடி குப்பை வளாகம் பக்கத்தில் இருப்பதால் லாரிப் போக்குவரத்து விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். லாரி டயர்களுக்குள் எஃகு இழைகள் பின்னியிருக்கும். டயர் கிழிந்து தெறித்தால் அந்த இழைகள் சாலை ஓரத்தில் சிதறிக் கிடக்கும், குண்டூசியைவிட மெல்லிசாக. சைக்கிள் ஓட்டுகிறவர் ஒதுங்கிப் போவதும் அந்த ஓரத்தில்தான்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ஓடும் தண்ணீர் குப்பையையெல்லாம் ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஈர ரப்பரை கண்ணாடியும் கம்பியும் சுலபமாக அறுக்கும், ஈரம் வழுக்கிக் கொடுப்பதால். முதல் நாள் ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது.

டயர் இறங்கியதைக் கவனித்தது

ஐந்தரை மணிவாக்கில் கிளம்பினார். வேளச்சேரி–தாம்பரம் சாலைச் சந்திப்புக்கு வரும்போதே மிதிக்கக் கால் கனத்தது. முதல் நாள் தூக்கம் சரியில்லை, அந்த அசதி என்று நினைத்துக்கொண்டார். சந்திப்பைத் தாண்டிச் சதுப்பு நிலப் பகுதிக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக நெளிந்தது. அடுத்த நிமிடம் ரிம் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. உடனே இறங்கிவிட்டார். அப்போது மணி 5.50 இருக்கும்.

அவர் முதலில் டயரைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சாலையிலிருந்து முழுக்க வெளியே தள்ளி, ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தி, பின்விளக்கை எரியவிட்டபடியே வைத்தார். லாரிகள் வேகமாகப் போகிற அரை இருட்டுச் சாலை. இப்படிப்பட்ட இடத்தில் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருப்பதுதான் பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து.

அப்புறம் மூன்று விஷயங்களைப் பார்த்தார்.

பின் சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றி, செல்போன் வெளிச்சத்தில் டயரின் மேல்பரப்பு முழுவதையும் பார்த்தார். ஆணியோ முள்ளோ எதுவும் தெரியவில்லை. சேறும் ஈர மணலும் அப்பியிருந்தன. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவியும் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்தார். குமிழி வரவில்லை. டயர் கிட்டத்தட்டக் காலியாக இருந்ததால் இதை முழுசாக நம்ப முடியாது. ஆனாலும் பார்த்தது நல்லது. வால்வுக்கு உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்து காற்றிறங்குவது அடிக்கடி நடப்பதுதான், அதற்கு ஒட்டும் வேண்டாம் டியூபும் வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரைக் கையால் தடவினார். கிழிசல் இல்லை. கிழிந்திருந்தால் காற்று அடிப்பதே வீண். கிழிசல் இல்லை என்று தெரிந்ததால்தான் பின்னால் காற்று அடித்து ஓட்டும் முடிவை அவரால் எடுக்க முடிந்தது.

காதை வைத்துக் கேட்டும் பார்த்திருக்கிறார். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் முடிவு: போன்

டயரைப் பார்த்து முடித்ததும், எப்படிப் போவது என்று யோசிப்பதற்கு முன்பே வேலையிடத்துக்கு போன் செய்தார். இரவு ஷிஃப்டில் இருந்த இளைஞர் எடுத்தார். நிலைமையைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: “அக்கா, பதறாம வாங்க. நீங்க வர்ற வரைக்கும் முதல் டோக்கன் எல்லாம் நான் எடுத்துடறேன்.”

அன்றைய காலையில் மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். பட்டினியோடு உட்கார்ந்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆன பிறகு அவர் யோசித்த விதமே வேறு. இறங்கிய டயரோடு மிதித்தே போய்விடலாமா என்ற எண்ணம் அதுவரை இருந்தது என்று அவரே சொன்னார். அப்படிப் போயிருந்தால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழிந்திருக்கும், வால்வு அடியோடு பிய்ந்திருக்கும், ரிம் வளைந்திருக்கவும் கூடும். ஒரு ஒட்டோடு முடிய வேண்டியது சக்கரத்தையே மாற்றும் செலவில் முடிந்திருக்கும். ஈரச் சாலையில் காற்றில்லாத பின் டயர் வழுக்குவது தனி.

என்னென்ன வழிகள் இருந்தன

முன்னால் நடப்பது: ஓஎம்ஆர் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் கடை இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு.

அங்கேயே பூட்டிவிட்டுப் போவது: கையில் இருந்தது மெல்லிய கேபிள் பூட்டு. பூட்டிக் கட்ட விளக்குக் கம்பத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வாட்ச்மேன் உள்ள ஒரு கட்டடம் பக்கத்தில் இருந்திருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். சைக்கிளை ஒருவர் பார்வையில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தின் நடுவில் அதற்கு வழியில்லை.

ஆட்டோ: ஒரு ஆட்டோ தானாகவே வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, “முன் சக்கரத்தைக் கழட்ட முடியுமாம்மா? முழுசா ஏத்துனா ரோட்டுல நீட்டிக்கிட்டு நிக்குமே” என்றார். ஸ்பேனர் இல்லாததால் கழற்ற முடியவில்லை. “உங்களை மட்டும்னா கூட்டிட்டுப் போறேன்” என்றார். சைக்கிளை விட்டுப்போக மனமில்லாமல் இவர் வேண்டாம் என்றுவிட்டார். நீட்டிக்கொண்டு ஏற்றாமல் விட்டது அந்த ஓட்டுநரின் நல்ல நிதானம்.

வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிடுவது: கணவர் ஸ்கூட்டரில் வரலாம். ஆனால் சைக்கிளை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும். இதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டார்.

டயருக்குள் புல்லோ துணியோ அடைத்து ஓட்டுவது: இது சிலருக்குத் தெரிந்த பழைய உபாயம். அதற்கும் டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்க லிவர் வேண்டும். அவரிடம் இல்லை. அடைத்தாலும் நடை வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, திருப்பத்தில் டயர் கழன்றுவிடும்.

பின்னால் நடப்பது: சந்திப்புக்குத் திரும்பினால் முக்கால் கிலோமீட்டருக்குள். அங்கே ராத்திரியும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் ஒன்று உண்டு. வெளிச்சம் உண்டு, டீக்கடை உண்டு, பஸ் உண்டு.

வேலைக்கு எதிர்த் திசையில் நடக்க யாருக்கும் மனசு வராது. அதுவும் ஏற்கெனவே தாமதமான நேரத்தில். ஆனால் முன்னால் போனால் அவருக்கு இருந்தது நடை என்ற ஒரே வழி. பின்னால் போனால் காற்று, பஸ், ஆட்டோ, மனிதர்கள் என்று நான்கைந்து வழிகள். காற்று அடித்துப் பலிக்காவிட்டால் பங்கிலேயே சொல்லிச் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறலாம். இதை யோசித்துத்தான் திரும்பினார். போகும்போது சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கியபடியே தள்ளினார். சாப்பாட்டுப் பையைக் கேரியரிலிருந்து எடுத்து முன் கூடைக்கு மாற்றினார். இரண்டும் பின் டயரின் மேல் பாரம் விழாமல் இருப்பதற்காக.

பங்கில் நடந்தது

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், அது அவர்கள் தரவேண்டிய வசதி. சைக்கிளுக்கும் அடிக்கலாம். ஆனால் வால்வு மோட்டார் பைக் வகையாக இருக்க வேண்டும். இவருடையது அந்த வகை.

காற்று அடிக்கும் பையன் வழக்கமான பைக் அளவில் வைத்து அடிக்கப் போனார். இவர் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டி 50 வைக்கச் சொன்னார். டயர் கல் மாதிரி ஆனது. காற்று நிற்கிறது என்று உடனே ஏறிக் கிளம்பிவிடாமல், மூன்று நிமிடம் காத்திருந்து மறுபடி அளக்கச் சொன்னார். கருவி 42 காட்டியது.

இந்தக் காத்திருப்பு அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, ஓட்டை இருக்கிறது, அடித்த காற்று தங்காது. இரண்டு, ஓட்டை சின்னது. ஆள் ஏறி உட்கார்ந்து சக்கரம் உருளும்போது கசிவு இன்னும் வேகமாகும் என்று வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடம் ஓட்டுகிற அளவுக்குக் காற்று இருக்கும் என்று கணக்குப் போட்டார். அவர் வேகத்துக்குப் பத்து நிமிடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர் வரும். அதாவது சதுப்பு நிலப் பகுதியை ஏறக்குறைய தாண்டிவிடலாம். மீதியை நடந்துகொள்ளலாம்.

மறுபடி 55-க்கு அடிக்கச் சொல்லி, வால்வு மூடியைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார். மணி 6.25 ஆகியிருந்தது.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்று அடித்ததும் ஏறி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். பாதி வழியில் மறுபடி இறங்கினால் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார்கள். மூன்று நிமிடம் காத்திருந்து அளந்ததால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே இறங்க வேண்டியிருக்கும் என்று இவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் கட்டைவிரலால் டயரின் பக்கத்தை அமுக்கிப் பார்த்து இதே முடிவுக்கு வரலாம். மூன்று நிமிடத்தில் டயர் கொழகொழவென்று ஆகிவிட்டால் ஓட்டவே வேண்டாம், பஸ்ஸைப் பார்க்கலாம்.

போகும் வழியில் உடம்பின் பாரத்தை முன்பக்கம் சாய்த்தே ஓட்டினார். பள்ளங்களை விலக்கினார், ஓரத்தைவிட்டு ஓரடி உள்ளே வந்தார். சாலை வெளிச்சமாகிவிட்டதால் அது முடிந்தது. ஓஎம்ஆர் சந்திப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்பக்கம் மறுபடி நெளிய ஆரம்பித்தது. அங்கேயே இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். 6.55-க்கு வேலையிடத்தில் இருந்தார். 25 நிமிடத் தாமதம். இரவு ஷிஃப்ட் இளைஞர் அதற்குள் நான்கைந்து பேருக்கு ரத்தம் எடுத்து முடித்திருந்தார். வாட்ச்மேன் சைக்கிளை வாங்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்துக்கொண்டார்.

அன்று பகலும் மறுநாள் காலையும்

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதற்குப் பிறகு நடந்ததில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

பதினொரு மணிக்கு அலுவலக உதவியாளர் சைக்கிளை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். முதல் கடையில் “சைக்கிளுக்குப் போடுறதில்லைங்க, டியூப்லெஸ் மட்டும்தான்” என்றார்கள். ஓஎம்ஆரில் இப்போது பல கடைகளில் இதுதான் பதில். டியூப்லெஸ் டயருக்கு வெளியிலிருந்தே ஊசியால் குத்தி ரப்பர் திரியைச் சொருகிவிடலாம், ஐந்து நிமிட வேலை. சைக்கிள் டியூபை வெளியே எடுத்து, தண்ணீரில் அமுக்கி, ஒட்டுப் போட்டு, திரும்ப மாட்ட நேரம் அதிகம், கூலி குறைவு. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், தான் கண்ணால் பார்க்கிற ஒவ்வொரு பஞ்சர் கடையையும் தனக்கான கடை என்று கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது கடையில் போட்டுக் கொடுத்தார்கள். டியூபில் ஒரு ஓட்டை, ஒட்டினார்கள், காற்று அடித்தார்கள். சாயங்காலம் அவர் ஒரு சிரமமும் இல்லாமல் வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தால் அதே டயர் சப்பையாகக் கிடந்தது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார்.

காரணம் கிடைத்த இடம்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பல வருடமாக சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனார். அவர் வேலை செய்த விதத்தை இவர் அப்படியே நடித்துக் காட்டியது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

கடைக்காரர் டயரைக் கழற்றுவதற்கு முன்பே, வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டியூபை உருவி, காற்று அடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி நகர்த்தினார். முந்தின நாள் ஒட்டிய இடத்தில் ஒரு குமிழியும் இல்லை. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, நூல் பிடித்த மாதிரி பொடிக் குமிழிகள் வரிசையாக வந்தன.

“ஒட்டு நல்லாத்தான்மா போட்டிருக்காங்க. பக்கத்துலயே மறுபடி குத்தியிருக்கு. அப்படின்னா டயருக்குள்ள ஏதோ இருக்கு” என்றார்.

டியூபை டயரின் மேல் வைத்து, வால்வைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை டயரில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்தார். டியூப் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருந்தது என்பது மாறியிருக்கலாம் என்பதால் புரட்டி வைத்தும் ஒரு முறை பார்த்தார். தேட வேண்டிய இடம் இரண்டு சாண் அளவுக்குக் குறைந்தது. அங்கே டயரின் உள்பக்கத்தில் வெறும் விரலை விடவில்லை, விரல் கிழிந்துவிடும். பனியன் வேஸ்ட் துணியை மடித்து அழுத்தித் தேய்த்தபடி போனார். ஓர் இடத்தில் துணியின் நூல் மாட்டி இழுத்தது. நிறுத்தி, டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடக்கி, கட்டிங் பிளேயரின் நுனியால் பிடித்து இழுத்தார். அரை இன்ச்கூட இல்லாத எஃகு இழை, லாரி டயரிலிருந்து வந்தது. வெளிப்பக்கத்தில் அது ரப்பருக்குள் முழுக்கப் புதைந்து போயிருந்தது. உள்பக்கத்தில் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் அது ஏன் தெரியவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

முதல் நாள் காற்று மெதுவாக இறங்கியதற்கும் காரணம் அதுவே. தான் போட்ட ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டு அந்த இழை அங்கேயே நின்றது. சக்கரம் உருளும்போது அசைந்து அசைந்து காற்றை விட்டது.

அப்புறம் ஒட்டுப் போட்டார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுப்பாக ஆகும் வரை ஊதாமல் அப்படியே விட்டு, பிறகு பேட்ச் வைத்து அழுத்தினார். ரிம்மின் உள்ளே ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் நாடா விலகியிருக்கிறதா என்றும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த டயர் தொந்தரவு கொடுக்கவில்லை.

முடிவுகளைத் திரும்பப் பார்க்கும்போது

சாலையில் எடுத்தவை பெரும்பாலும் சரி. முதலில் பாதுகாப்பான இடம், அப்புறம் வேலையிடத்துக்குத் தகவல், பின்னோக்கி நடந்தது, காற்று அடித்துக் காத்திருந்து அளந்தது. கையில் கருவி எதுவும் இல்லாத ஒருவர், அந்த இடத்தில், அந்த நேரத்தில், இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு குறை: கால் கனத்தபோதே சந்திப்பில் இறங்கிப் பார்த்திருந்தால் பங்க் பக்கத்திலேயே இருந்திருக்கும். அசதியையும் காற்று குறைந்த டயரையும் கால் ஒரே மாதிரிதான் உணரும். அதனால் சந்தேகம் வந்தால் இறங்கி ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பது நல்லது.

ஆனால் பகலில் நடந்ததில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. “பஞ்சர் ஒட்டிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியதால் பஞ்சர் ஒட்டப்பட்டது. என்ன குத்தியது என்று யாரும் கேட்கவில்லை, கடைக்காரரும் தேடவில்லை. சாலையில் டயரின் மேல் எதுவுமே தென்படவில்லை என்ற தகவல் இவரிடம் இருந்தது. அது உதவியாளரிடமும் போகவில்லை, கடைக்காரரிடமும் போகவில்லை. வெளியே எதுவும் தெரியவில்லை என்றால், குத்திய பொருள் உள்ளே புதைந்திருக்கிறது, அல்லது ரிம் பக்கத்திலிருந்து குத்தியிருக்கிறது, அல்லது பள்ளத்தில் நசுங்கி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறது. எதுவானாலும் தேடினால்தான் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன். அன்று காலை அவரிடம் மாற்று டியூபும் பம்பும் ஸ்பேனரும் இருந்திருந்தால்? பெரும்பாலானவர்கள் பழைய டியூபை உருவிவிட்டுப் புதியதை மாட்டி, காற்று அடித்துக் கிளம்பிவிடுவார்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இழை புதிய டியூபையும் கொஞ்ச தூரத்திலேயே குத்தியிருக்கும். அப்போது கையில் இருந்த ஒரே டியூபும் போயிருக்கும், சதுப்பு நிலத்தின் இன்னும் நடுவில். சாமான் இல்லாததுதான் பிரச்சினை என்று இந்த நிகழ்வைக் கேட்ட எல்லோரும் சொன்னார்கள். சாமான் வேண்டும்தான். ஆனால் காரணத்தைத் தேடத் தெரியாத கைக்கு அது ஒரு முறை மட்டும்தான் உதவும், சில சமயம் அதுவும் உதவாது.

பிறகு மாறியவை

இவர் இப்போது சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பை மாட்டியிருக்கிறார். சரியான அளவு டியூப் ஒன்று, பிளாஸ்டிக் லிவர் இரண்டு, கைப்பம்ப், 15-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு துண்டு பனியன் வேஸ்ட். கடைசிப் பொருளை அந்த சைக்கிள் கடைக்காரரே கொடுத்தார். வேலை முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினார். முதல் தடவை செயினைத் திரும்பப் பல்சக்கரத்தில் உட்கார வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. டியூப் மாற்றுவதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முன் சக்கரத்தை வைத்தே சொல்லிக்கொடுப்பதால் இது யாருக்கும் தெரியாமல் போகிறது. பின் டயரின் மேல் ஆளின் பாரம் அதிகம் என்பதால் பஞ்சர் ஆவதும் பெரும்பாலும் அதுதான்.

இருட்டாக இருந்தால் சாலையில் டியூப் மாற்றுவதில்லை, வெளிச்சமுள்ள இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் மாற்றுவது என்றும் முடிவு செய்திருக்கிறார். எனக்கு இது ரொம்பச் சரியென்று படுகிறது.

மழை மாதங்களில் வீட்டுக்குத் திரும்பியதும் டயரைச் சுற்றிப் பார்த்து, ரப்பரில் பதிந்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளை எடுத்துவிடுகிறார். சில்லு மிதித்த அன்றே டியூப் வரை போய்விடாது. உருள உருளத்தான் உள்ளே இறங்கும். அதற்குள் எடுத்துவிட்டால் பஞ்சர் இல்லை.

வழியில் எந்தக் கடை சைக்கிள் பார்க்கும், எப்போது திறக்கும் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே போனோம். பிரதான சாலையில் கிடைத்தவை கொஞ்சம்தான். உள் தெருக்களில், பழைய கடைகள்தான் சைக்கிளை மறுக்காமல் எடுத்துக்கொண்டன. அவர்களின் போன் நம்பரை இருவரும் வைத்திருக்கிறோம்.

வேலையிடத்தில், வாட்ச்மேன் மேஜைக்குக் கீழே காலால் மிதித்து நிறுத்தி அடிக்கும் பெரிய பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. அங்கே துப்புரவு வேலை செய்யும் ஒருவர் 28 இன்ச் பெரிய சைக்கிளில் வருகிறார். அதில் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வகை வால்வு. பங்கில் இருக்கும் காற்றுக் குழாய் அதில் உட்காராது. ரேடியல் சாலையில் அவர் டயர் இறங்கியிருந்தால் பின்னோக்கி நடந்து பங்குக்குப் போனதில் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. அதனால் இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும் தலை உள்ள பம்பாகப் பார்த்து வாங்கினார்கள். அவருடைய சைக்கிளுக்கு பங்க் குழாயில் அடிக்க ஒரு பித்தளை அடாப்டரும், ஒரு முழத் துண்டு வால்டியூபும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அடாப்டரை சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார்.